தூக்கின கையைப் பார்த்தேன்

மழை லாரி ஓட்டுகிற தம்பிமாருக்கு,

போன மாதம் அச்சன்புதூர் பக்கம் ஒரு தோப்பில், கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோ ஷூட்டில், பொண்ணு நம் லாரிக் குழாய் மழைக்கு அடியில் மூச்சு முட்டி விழுந்தாள். வால்வில் நின்றவன் உங்களில் ஒருவன். பேர் எழுதவில்லை. அவனுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அவன் மேல் எனக்குக் கோபம். என் மேல் அதைவிடக் கோபம். அந்தத் தப்பை ஆரம்பித்து வைத்தவன் நான். எப்படி என்று சொல்கிறேன்.

வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பச் சொன்னீர்கள். மூன்று தடவை பேசினேன். மூன்று தடவையும் பாதியில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்த போனை எடுக்கும். அதனால் எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருக்கும். விஷயத்தைப் படி.

நான் முதலில் குற்றாலத்து லாட்ஜுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினேன். ஒரு சினிமா கம்பெனியின் மழை லாரி செங்கோட்டை ரோட்டில் அச்சு முறிந்து நின்றது. அவசரத்துக்கு என் லாரியைக் கேட்டார்கள். போனேன். அங்கேயே தங்கிவிட்டேன்.

அன்றைக்குச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சாரலில் நனைந்துகொண்டே மழைக்குக் குழாய் மாட்டினோம். ஐந்தருவி ரோட்டு டீக்கடை அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தார்.

"ஏலே, குத்தாலத்துக்கு மழையை லாரியில கொண்டாந்திருக்கியே. நாளைக்கு எங்க, கடலுக்கு உப்பு கொண்டு போறியா?"

சாரல் கேமராவில் விழாது. உங்களுக்குத் தெரியும். பொடித் தண்ணீர். கண்ணுக்குத் தெரியும், முகத்தில் படும், படத்தில் இருக்காது. படத்தில் தெரிய வேண்டும் என்றால் துளி பெரிதாக வேண்டும், பின்னால் லைட் வேண்டும். அதற்குத்தான் நாம்.

சண்டைக்கும் மழை கேட்பார்கள். சாவுக்கும் கேட்பார்கள். ஆனால் என் வேலையில் முக்கால்வாசி காதலுக்குப் பெய்த மழைதான்.

அந்தக் கம்பெனியோடு மெட்ராஸில் இருந்து மழைக்காரர் ஒருவர் வந்திருந்தார். கறுத்த ஆள். பேசவே மாட்டார். குழாய் எல்லாம் மாட்டி முடித்ததும் சட்டையைக் கழற்றினார். ஹீரோயின் நிற்க வேண்டிய இடத்தில் வெறுங்காலோடு போய் நின்றார். திறக்கச் சொன்னார். திறந்தேன். நின்றவர் துள்ளி வெளியே விழுந்தார்.

லைட் வயர் ஒன்று தோல் உரிந்து ஈர மண்ணில் கிடந்திருக்கிறது. கரண்ட்.

எழுந்து மண்ணைத் தட்டினார். லைட்மேனைக் கூப்பிட்டு வயரைக் காட்டினார். திட்டவில்லை. என்னிடம் வந்து சொன்னார்:

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஷூட்டிங் நிக்கும். எனக்கு ஒண்ணு ஆனா நிக்காது. அதனால நான் முதல்ல நிக்கிறேன். புரியுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து என் மழையில் முதலில் நான் நனைந்தேன். காய்ச்சலோடும் நின்றிருக்கிறேன். என் மகள் நிச்சயதார்த்தத்தன்று காலையிலும் நின்றுவிட்டுத்தான் போனேன். இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். செய்கிறீர்கள். அந்த மட்டில் சரி.

கை தூக்குகிற வழக்கம் அவர் சொல்லித் தந்தது இல்லை. நானாக வைத்தது. மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது. என் இடது காது அதில்தான் போனது. மழைக்குள் நிற்கிற பிள்ளை "போதும்" என்று கத்தினாலும் யாருக்கும் கேட்காது. பாட்டுக்கு வாயசைக்கிறாள் என்று நினைப்பார்கள். அதனால் நடிக்க வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் காலையில் சொல்லுவேன்: "மூச்சு முட்டுனா ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கு தாயி. யார் என்ன சொன்னாலும் நான் மூடிருதேன்."

யார் என்ன சொன்னாலும். என் வாயால் சொன்னது.

ஒரு சீரியல் வந்தது. ஏழெட்டு வருஷம் இருக்கும். ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு தோப்பு, உள்ளே ஒரு பழைய பங்களா. பத்து நாள் வேலை. கதையில் அந்தப் பிள்ளைக்குப் பேர் பூங்கொடி. நிஜப் பேர் வேண்டாம். புதுசு. சின்ன உடம்பு. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரோடும் வரிசையில் நிற்கும். நான் மழைக்காரன் என்று தெரிந்ததும் கேட்டது:

"அண்ணாச்சி, வெந்நீர் மழை பெய்ய வைக்க முடியாதா?"

"உங்க கம்பெனி டீயே வெந்நியா வரமாட்டேங்கு தாயி."

சிரித்தது. நல்ல பிள்ளை.

டைரக்டர் கோபமே படாத ஆள். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். நடிக்கிறவர்களை எல்லாம் "தங்கம்" என்பார். நான் பார்த்த வரைக்கும் கத்துகிற டைரக்டர்களால் பெரிய கெடுதல் இல்லை. கத்தினால் பதிலுக்கு முறைக்கலாம். தங்கம் என்கிறவரை என்ன செய்வாய்?

காட்சி இதுதான். ஹீரோ காதலைச் சொல்லி நாலு எபிசோடு ஆகிவிட்டது. பூங்கொடி வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். மழை வருகிறது. ஹீரோ அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் அவன் நெஞ்சில் அடிக்கிறாள். அடித்து ஓய்ந்து அவன் மேலேயே சாய்கிறாள். முடிந்தது. காதல்.

இந்த மழையை நான் எத்தனை தடவை பெய்ய வைத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. பாஷை மாறும், ஆள் மாறும், புடவை மாறும். வேண்டாம் என்கிறவளை நனைத்தால் சரி என்பாள். இதுதான் கதை. வீட்டில் எம் மக்கள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆனால் மறுநாள் காலையில் லாரியை எடுத்துக்கொண்டு அதையே செய்யப் போவேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் நான் நனைந்து பார்த்தேன். வழுக்கல் இல்லை. கரண்ட் இல்லை. கிணற்றுத் தண்ணீர், சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். பூங்கொடியிடம் கை விஷயம் சொன்னேன். ஒரு தடவை தூக்கிக் காட்டியது. "இப்படியா?" "அப்படித்தான்."

ரெண்டு டேக் எடுத்தார்கள். டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. என் பக்கம் வந்தார். தோளில் கை போட்டார்.

"அண்ணாச்சி, அடுத்த டேக்ல அவன் கையைப் பிடிச்சு இழுக்கிற நேரம் வால்வை முழுசாத் திறந்திருங்க."

"பாதிதான் சார் வைக்கணும். தலைக்கு மேலயே குழாய் இருக்கு. முழுசாத் திறந்தா அடிக்கும்."

"அடிக்கட்டும். கொஞ்ச நேரம்தான். பூங்கொடிகிட்ட சொல்ல வேண்டாம்."

"ஏன் சார்?"

"சொன்னா நடிச்சிடுவா."

இந்த வார்த்தையை மறக்காதே. நடிக்க வந்த பிள்ளை நடித்துவிடுவாள் என்று ஒரு டைரக்டர் பயந்தார். நிஜமாகப் பயந்தால்தான் அவருக்கு நல்லது. அந்த இடத்திலேயே நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு லாரியில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. "சரி சார்" என்றேன்.

மூன்றாவது டேக். ஹீரோ இழுத்தான். முழுசாகத் திறந்தேன்.

உங்களுக்கு முழு வால்வு தெரியும். அது மழை இல்லை. அருவிக்கு அடியில் நிற்பது மாதிரி. அருவியில் தலையைக் குனிந்து நிற்போம், அதனால் மூச்சு விடலாம். இங்கே ஹீரோவிடம் டைரக்டர் வேறு ஒன்றும் சொல்லி வைத்திருந்தார். அவள் தாடையைப் பிடித்து முகத்தை மேலே தூக்கி வைக்க வேண்டும், கட் சொல்லும் வரை விடக் கூடாது. குளோசப். எனக்கு அது தெரியாது. தண்ணீர் நேராக மூக்கில் இறங்கியது.

அடித்தாள். நெஞ்சில் அடித்தாள், தோளில் அடித்தாள். எல்லாரும் நடிப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கையைத் தூக்கினாள்.

தலைக்கு மேலே. விரல் விரித்து. மத்தியானம் எனக்குக் காட்டின மாதிரியே.

பார்த்தேன். கண்ணில் தண்ணீர் விழுந்தது, புகை மறைத்தது, வேறு பக்கம் திரும்பியிருந்தேன் என்று சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. நல்லாப் பார்த்தேன். அதே நேரம் டைரக்டரும் கையைத் தூக்கினார். உள்ளங்கையை என் பக்கம் காட்டி. இரு, மூடாதே என்று.

ரெண்டு கை. நான் டைரக்டர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். அவள் கை தானாகக் கீழே விழுந்தது. கட் என்றார். மூடினேன். ஹீரோ விட்டான். அவள் முட்டி போட்டுத் தண்ணீராகக் கக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். டைரக்டர் ஓடிவந்து, "தங்கம், பின்னிட்டே தங்கம்" என்றார். ஹேர் டிரெஸ்ஸர் அக்கா ஒருத்தர் மட்டும்தான் துண்டோடு போய் அந்தப் பிள்ளையின் முதுகைத் தேய்த்தார்.

நான் குழாயைக் கழற்றினேன். குழாய் கழற்றுகிற வேலை இருந்தது. கழற்றினேன்.

சாயந்தரம் ஹீரோவைப் பிடித்தேன். "ஏன்லே தம்பி, அந்தப் பிள்ளை கையைத் தூக்குச்சே, விட வேண்டியதுதான?" என்றேன்.

அவன் முழித்தான். "கையைத் தூக்கினா என்ன அண்ணே?"

அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொன்னால் போதும் என்று இருந்திருக்கிறேன். பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அடையாளம் தெரியாது. எழுதி வைத்துக்கொள், இது என் இன்னொரு தப்பு.

மறுநாளும் அதே இடம். காட்சியில் மிச்சம் இருந்தது. நான் காலையில் குழாய் மாட்டி, நனைந்து பார்த்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். பூங்கொடி வந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் கம்மிப் போயிருந்தது.

"அண்ணாச்சி, நேத்து நான் கையைத் தூக்கினேன்."

"பார்த்தேன் தாயி."



"பார்க்கலன்னு சொல்லியிருக்கலாம்ல."

குனிந்து, இறுக்கின குழாயையே மறுபடி இறுக்கினேன். 

அப்புறம் வால்வைக் காட்டிக் கேட்டாள். "இது எந்தப் பக்கம் திருப்பினா மூடும்?"

காட்டினேன். அவளே திறந்தாள், அவளே மூடினாள். ரெண்டு தடவை செய்து பார்த்தாள். பிறகு ஹேர் டிரெஸ்ஸர் அக்காவைக் கூப்பிட்டாள். அவருக்கும் திருப்பிக் காட்டினாள். கேரவனுக்கு வெளியே கிடந்த பச்சை பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து வால்வு பக்கத்தில் போட்டாள்.

"அக்கா, நீங்க இங்கயே உக்காருங்க. என்னை மட்டும் பாருங்க. வேற யாரையும் பார்க்க வேண்டாம்."

வேறு யாரையும் பார்க்க வேண்டாம் என்றது என் பக்கத்தில் நின்றுதான்.

அக்கா உட்கார்ந்தார். சுரண்டைக்காரர். பருத்த உடம்பு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையை வால்வு மேல் வைத்துக்கொண்டார். என் வால்வு. இருபது வருஷம் என் கையைத் தவிர வேறு கை படாத வால்வு. நான் ஒரு எட்டுத் தள்ளி நின்றேன். 

ரெண்டாவது டேக்கில் பாதியில் மழை நின்றது. அக்கா மூடிவிட்டார்.

டைரக்டர் முதல் தடவையாகக் கத்தினார். "யாரு கட் சொன்னது?"

"நான்தான் சார். பிள்ளைக்கு மூச்சு வாங்குது."

"டயலாக் பாக்கி இருக்கும்மா!"

"இருக்கட்டும் சார். நாளைக்கும் அதே டயலாக்தான இருக்கப் போவுது?"

யூனிட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். டைரக்டர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, உடனே திறங்க."

பிரஷர் ஏற நாலு நிமிஷம் போதும். "பதினஞ்சு நிமிஷம் ஆவும் சார், மோட்டார் சூடாயிட்டு" என்றேன்.

பதினைந்து நிமிஷம் அந்தப் பிள்ளை போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தது. மோட்டார் பக்கத்தில் குனிந்து நான் எதையோ திருகிக்கொண்டிருந்தேன். அக்கா ஸ்டூலில் இருந்தபடியே, "என்ன அண்ணாச்சி, ஒண்ணுமில்லாத மோட்டாரை இந்தத் திருகு திருகுதிய?" என்றார். மெதுவாகத்தான். டைரக்டருக்குக் கேட்கவில்லை.

ஒரு பொய். அந்தப் பத்து நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அது ஒரு நாள் பிந்திப் போயிற்று. உங்களுக்குச் சொல்கிறேன், டைரக்டர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லையா, மோட்டார் மேல் பழி போடு. மோட்டாருக்கு மானம் போகாது. ஆனால் நின்றாக வேண்டும். எப்படி நிறுத்தினாய் என்று யாரும் பின்னால் கேட்கப்போவதில்லை.

வேலை முடிந்து கிளம்பும்போது அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கினேன். கம்பெனி ஸ்டூல். மேனேஜர், "எதுக்கு அண்ணாச்சி?" என்றான். "உக்காரத்தான்" என்றேன். அதன் பிறகு என் வேலை முடிகிற வரைக்கும் எந்த ஷூட்டிங் போனாலும் ஸ்டூல் வால்வு பக்கத்தில் கிடக்கும். மழையில் நிற்கப் போகிற பிள்ளையிடம் கேட்பேன்: "உனக்கு இங்கன யார் மேல நம்பிக்கை? அவங்களைக் கூப்பிடு." அம்மாவைக் கூப்பிடும், டச்சப் அக்காவைக் கூப்பிடும், ஒருத்தி தன் டிரைவரைக் கூப்பிட்டாள். அந்த ஆள் மூடினால் மூடினதுதான். நான் வாய் திறக்க மாட்டேன்.

இது தெரியும் உங்களுக்கு. என்னோடு வந்தவர்கள் பார்த்திருக்கிறீர்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இப்போது மிச்சத்தைக் கேள்.

அந்த எபிசோடு வந்தது. டைரக்டர் வெட்டுவார் என்று நினைத்தேன். வெட்டவில்லை. அவள் கை மேலே போகிற இடத்தில் படத்தை மெதுவாக ஓடவிட்டு, புல்லாங்குழல் போட்டிருந்தார். விரல் விரிகிறது, தண்ணீர் தெறிக்கிறது, பின்னால் லைட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் போட்ட மழை. ஒவ்வொரு துளியும் தெரிந்தது.

அதையே விளம்பரத்துக்கும் போட்டார்கள். தினம் பத்துத் தடவை. எம் மக போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். என்னிடம் காட்டினாள்.

"எப்பா, இது நீங்க போட்ட மழைதான? என்ன எக்ஸ்பிரஷன் பாருங்க. அந்தக் கையைத் தூக்குதா பாருங்க, அப்படியே தன்னை விட்டுக் குடுக்குற மாதிரி!"

ஆமா என்றேன். வேறென்ன சொல்ல? வெளியே போனேன்.

அடுத்த சீசனில் மெயின் அருவிக்கு என் மச்சான் குடும்பத்தைக் கூட்டிப் போனேன். பொம்பளைகள் பக்கம் புதுசாகக் கல்யாணம் ஆன பிள்ளைகள் நின்றன. ஒருத்தி கையைத் தூக்கினாள், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷன் போனில் எடுத்தான். அடுத்தவள் தூக்கினாள். அவள் புருஷனும் எடுத்தான். வரிசையாக. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு கைக்கும் என் கை வால்வைத் தேடியது. என் மச்சான், "என்ன அத்தான், எண்ணெய் தேய்க்கப் போலாமா, இங்கனயே நிக்கியளே" என்று இழுத்துக்கொண்டு போனான்.

மூச்சு முட்டுது, காப்பாத்து என்று ஒரு பிள்ளை தூக்கின கை. அதை இந்த ஊர் முழுக்கக் காதல் என்று தூக்கிக்கொண்டு நின்றது. போட்டோகிராபர்கள் அதற்கு ஒரு பேரும் வைத்துவிட்டார்கள். பூங்கொடி போஸ்.

அப்போதாவது நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கை கெட்டுப்போய்விட்டது, இனி அதை நம்பாதீர்கள் என்று. சொன்னால் நான் மூடாமல் நின்றதையும் சொல்ல வேண்டும். அதனால் சொல்லவில்லை. முட்டி போனது, லாரியை விற்றேன், வீட்டில் உட்கார்ந்தேன். உங்களுக்குக் கை தூக்குகிற வழக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டூலை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கிழவனுக்கு உட்கார ஸ்டூல் என்று நினைத்துவிட்டீர்கள். காரணம் தெரியாததை யார் சுமப்பான்?

அச்சன்புதூர் தோப்பில் நடந்தது அதுதான். வால்வில் நின்றவன் முதலில் தான் நனைந்து பார்த்திருக்கிறான். அந்தப் பொண்ணிடம், "மூச்சு முட்டுனா கையைத் தூக்குங்க" என்றும் சொல்லியிருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்திருக்கிறான். போட்டோகிராபர் வந்து, "பூங்கொடி போஸ் எடுக்கலாம், மேல பார்த்துக் கையைத் தூக்குங்க, மழையைக் கூட்டுங்க" என்றிருக்கிறான். இவன் கூட்டியிருக்கிறான். பொண்ணு கையைத் தூக்கியிருக்கிறாள். "சூப்பர், அப்படியே வைங்க!" என்று அவன் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். மாப்பிள்ளை பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான். பொண்ணு விழுகிற வரைக்கும் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் இவன் என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, கையைத் தூக்குச்சு. போஸுன்னு நெனச்சுட்டேன்."

அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு என் கையைப் பார்த்தேன். இறக்கிவிட்டேன். இவன் தெரியாமல் செய்தான். நான் தெரிந்து செய்தேன்.

தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டு நாள் வைத்திருந்தார்கள். நுரையீரலில் தண்ணீர். உயிருக்குப் பயம் இல்லை என்றார்கள். பொண்ணின் அம்மா பக்கத்தில் இருந்தார். மழைக்காரன் என்று சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா எழுந்து வாசலைக் காட்டிவிட்டார். நியாயம். பொண்ணுதான், "இருக்கட்டும்மா" என்றாள்.

"எத்தனை தடவை தாயி கையைத் தூக்குனே?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "ஒரு தடவைதான் தூக்கினேன். முதல்ல போஸுக்கு. தூக்கினபடியே இருக்கும்போதுதான் மூச்சு முட்டுச்சு. அப்புறம் எதைத் தூக்க?"

எதைத் தூக்க என்று கேட்டாள். நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் இவன் மறுபடி போன் பண்ணினான். "அண்ணாச்சி, அப்ப நாம வேற ஏதாவது சிக்னல் வைப்போம். ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுவோமா?"

வேண்டாம். எதை வைத்தாலும் அதற்கும் நாளைக்கு ஒருத்தன் புல்லாங்குழல் போடுவான். கும்பிட்டால் அதையும் போஸ் என்பான். தலைகீழாக விழுந்தால் அதையும் ஸ்லோமோஷனில் காட்டுவான். பிள்ளை எப்படித் தவித்தாலும் அதை அழகாக்கிக் காட்டத்தான் அவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். நீ அந்தச் சம்பளம் வாங்கவில்லை. உன் கையில் வால்வு இருக்கிறது. அங்கே தண்ணீரை நிறுத்த முடிந்த ஆள் நீ ஒருத்தன்.

அதனால் இனி சிக்னல் கிடையாது. முகம் மேலே பார்த்தால் பாதி வால்வுதான். யார் கூட்டச் சொன்னாலும் பாதிதான். பத்து எண்ணு. மூடு. மூடிவிட்டுப் பக்கத்தில் போய் அந்தப் பிள்ளையிடமே கேள், வாயால். "போதுமா?" என்று கேள். மோட்டார் நின்றால் பதில் கேட்கும். திறக்கலாம் என்று அவள் சொன்னால் திற. டைரக்டர் கத்துவார். போட்டோகிராபர் கத்துவான். மாப்பிள்ளை முறைப்பான். முறைக்கட்டும். ஷாட் கெட்டால் இன்னொரு ஷாட். பிரஷருக்கு நாலு நிமிஷம்தான்.

அப்புறம் உனக்கும் மேலே ஓர் ஆள் வேண்டும். உன் தைரியத்தை நம்பி இந்த வேலையில் நிற்காதே. எனக்கு இருபது வருஷத் தைரியம் இருந்தது. பத்து எண்ணுகிற நேரத்துக்கு அது காணவில்லை. அந்தப் பிள்ளை நம்புகிற ஆள் ஒருத்தர் வால்வு பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் கை உன் கைக்கு மேலே இருக்க வேண்டும்.

பச்சை ஸ்டூல் இங்கே என் வீட்டு வாசலில் கிடக்கிறது. ஒரு கால் லேசாக வளைந்திருக்கிறது, ஆள் உட்காரலாம். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்கே இவனை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "சரி அண்ணாச்சி" என்றான். மூன்று வாரம் ஆகிறது. நடுவில் ரெண்டு ஷூட்டிங் போயிருக்கிறான். குரூப்பில் படம் போட்டிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். வால்வு பக்கத்தில் இவன் மட்டும்தான் நிற்கிறான்.

ஏலே, உனக்குத்தான் சொல்லுதேன். நாளைக்கு உனக்கு இலஞ்சியில் வேலை என்று கேள்விப்பட்டேன். என் வீட்டைத் தாண்டித்தான் போகணும். லாரியை நிறுத்து. இறங்கு. ஸ்டூலை எடுத்துக்கிட்டுப் போ.